பளியர் குடியிருப்பு மேம்பாட்டுத் தன்னார்வப் பணி

பளியர் குடியிருப்பு மேம்பாட்டுத் தன்னார்வப் பணி என்பது, தமிழ்நாட்டின் பழனி மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் பளியர் முதலான மலைவாழ் மக்களின் வீடுகளைக் கட்டுவதற்கும், பழுது நீக்குவதற்கும், அவ்வீடுகள் நிற்கும் நிலத்துக்கு உரிமை பெறுவதற்கும் ஊதியம் பெறாத ஆர்வலர்கள் செய்யும் உதவிகளைக் குறிக்கும். இது தனியொரு திட்டத்தின் பெயரன்று. மாணவர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், கட்டடப் பொறியாளர்கள், அடிவார ஊர்களைச் சேர்ந்த கொத்தனார்கள் எனப் பலதரப்பட்டவர்கள் தனித்தனியாகவும் குழுக்களாகவும் செய்துவரும் பணிகளின் தொகுப்பு ஆகும். வீடு கட்டும் பணி எனப் பொதுவாக அறியப்பட்டாலும், இப்பணியின் பெரும்பகுதி கல்லும் சிமெண்டும் சார்ந்ததன்று. மனு, அளவை, சான்று, சுமைகூலி ஆகியவை சார்ந்தது.

அமைவிடமும் மக்களும்

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரியும் ஒரு கிளைத்தொடர் ஆகும். இதன் பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. இம்மாவட்டம் 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ள மேற்பகுதியை மேல்மலை என்றும், தாண்டிக்குடி, பாச்சலூர், ஆடலூர், பன்றிமலை போன்ற ஊர்களைக் கொண்ட காப்பித் தோட்டப் பகுதியைக் கீழ்மலை என்றும் அழைப்பர்.

ஆயக்குடி இம்மலையின் வடக்கு அடிவாரத்தில், பழனி வட்டத்தில் உள்ள பேரூராட்சி ஆகும். முன்னாள் ஜமீன் ஊரான இது கொய்யாச் சந்தைக்கும், அரசுப் போட்டித் தேர்வுகளுக்கான இலவசப் பயிற்சி மையத்துக்கும் பெயர் பெற்றது. மலையில் வாழ்வோர் பலருக்குச் சந்தையும் மருத்துவமனையும் வட்டாட்சியர் அலுவலகமும் ஆயக்குடி, பழனி, ஒட்டன்சத்திரம் போன்ற அடிவார ஊர்களிலேயே உள்ளன. வீட்டுக்கு வேண்டிய செங்கல், கம்பி, சிமெண்ட் முதலியவையும் இவ்வூர்களிலிருந்தே மலையேறுகின்றன. எனவே மலையில் கட்டப்படும் வீட்டின் செலவு அடிவாரத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

பளியர்கள் தமிழ்நாட்டின் திண்டுக்கல், தேனி, மதுரை, விருதுநகர் மாவட்டங்களிலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும் வாழும் பழங்குடியினர். தமிழின் ஒரு வழக்கைப் பேசுகின்றனர். காட்டுக் கிழங்கு அகழ்தல், தேன் எடுத்தல், கடுக்காய், நெல்லி, கல்பாசி போன்றவற்றைச் சேகரித்தல் ஆகியவை இவர்களது பழைய வாழ்முறையாகும். காப்பித் தோட்டங்கள் பெருகிய பின் பலர் தோட்டக் கூலிகளாயினர். செம்பகனூர் இயேசு சபையினருடன் தொடர்புடைய டாமன் பாதிரியார் 1908இல் பழனி மலைப் பளியர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இவர்கள் இடம்பெற்றுள்ளனர். அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களிலும், சுவீடனைச் சேர்ந்த கிறிஸ்டர் நோர்ஸ்ட்ரோம் பின்னரும் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்தனர். நோர்ஸ்ட்ரோமின் நூல் பழனி மலைப் பளியர்களையே பொருளாகக் கொண்டது.

மரபான உறைவிடம்

பளியர்களின் பழைய உறைவிடங்கள் இருவகைப்படும். ஒன்று, பாறைச் சரிவின் கீழ் இயற்கையாக அமைந்த புடவு. மற்றொன்று, மரக்கொம்புகளையும் மூங்கிலையும் நட்டுப் புல்லால் வேயப்பட்ட சிறு குடிசை. இக்குடிசையை ஓரிரு நாட்களில் அமைத்துவிடலாம். விட்டுச் செல்வதும் எளிது.

விட்டுச் செல்வது எளிது என்பதை வறுமையின் அடையாளமாக மட்டும் கருதுவது தவறு. பளியர்களிடையே வன்முறையைத் தவிர்க்கும் பண்பு வலுவாக உள்ளதைக் கார்ட்னர் விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஒருவரோடொருவர் பிணக்கு ஏற்படும்போது சண்டையிடாமல், ஒரு தரப்பினர் சிறிது காலம் வேறிடம் செல்வதே அவர்களது வழக்கமாக இருந்தது. குடும்பங்கள் கூடுவதும் பிரிவதும் இயல்பானவை. அடுத்தடுத்து, சுவரோடு சுவராக, வரிசையாகக் கட்டப்படும் தொகுப்பு வீடுகள் இவ்வழியை அடைத்துவிடுகின்றன. அரசு கட்டித்தந்த வீட்டைப் பூட்டிவிட்டு அருகிலேயே குடிசை போட்டுக் கொள்ளும் குடும்பங்களைப் பார்த்து, கொடுத்ததைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் என்று கூறுவோர் உண்டு. வீட்டின் அமைப்பே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது பெரும்பாலும் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை.

அடுப்பும் இத்தகையதே. குடிசையின் நடுவே எரியும் மூன்றுகல் அடுப்பு குளிரைப் போக்குகிறது; அதன் புகை கூரைப் புல்லைப் பூச்சியிலிருந்து காக்கிறது. ஆனால் அதே அடுப்பைப் புகைபோக்கி இல்லாத கான்கிரீட் அறைக்குள் மூட்டினால் புகை வெளியேற வழியில்லை. எனவே சமையல் வெளியே நகர்கிறது. மழைக்காலத்தில் அதற்கெனத் தனியாக ஒரு கொட்டகை தேவைப்படுகிறது.

அரசு வீட்டுத் திட்டங்கள்

ஊரக ஏழைகளுக்கான இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86இல் தொடங்கப்பட்டு, 1996 முதல் தனித் திட்டமாகச் செயற்பட்டது. 2016இல் அதன் இடத்தைப் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் பெற்றது. இத்திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர் என வரையறுக்கப்பட்டது. உதவித்தொகை சமவெளியில் 1.20 இலட்சம் ரூபாயாகவும், மலை மாநிலங்கள் போன்ற கடினப் பகுதிகளில் 1.30 இலட்சம் ரூபாயாகவும் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு கான்கிரீட் கூரைக்கெனத் தன் பங்கைக் கூடுதலாக அளித்துவந்துள்ளது. மாநில அரசின் திட்டங்களில் 2010ஆம் ஆண்டின் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011ஆம் ஆண்டின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், 2024ஆம் ஆண்டின் கலைஞரின் கனவு இல்லம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. பசுமை வீடு 300 சதுர அடி கொண்டது. கனவு இல்லம் 360 சதுர அடி கொண்டது. அதற்கான உதவி 3.5 இலட்சம் ரூபாய்.

இத்திட்டங்கள் அனைத்திலும் ஒரு பொது நிபந்தனை உண்டு. வீட்டைப் பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும். பணம் வேலை முடிய முடியத் தவணைகளாக வழங்கப்படும். மத்தியத் திட்டத்தின் நெறிமுறை ஒப்பந்தக்காரரை ஈடுபடுத்துவதைத் தடுக்கிறது. ஆனால் முதல் தவணை வருமுன் அடித்தளம் தோண்டவும், சாலை இல்லாத இடத்துக்குப் பொருள் கொண்டுவரவும் கையிருப்பு இல்லாத குடும்பம், பெயரளவில் மட்டும் பயனாளியாகி, உண்மையில் இடைத்தரகர் ஒருவரிடம் வேலையை ஒப்படைக்க நேர்கிறது. மலைப்பகுதிகளில் பாதியில் நின்றுபோன வீடுகள் பலவற்றின் கதை இதுவே.

2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் பழங்குடியினர் நீதிப் பெருந்திட்டம், மிகவும் பாதிக்கப்படக்கூடிய பழங்குடியினருக்கு வீடு, சாலை, குடிநீர் முதலியவற்றை ஒருங்கே வழங்குகிறது. இத்திட்டத்தில் வீட்டுக்கு 2 இலட்சம் ரூபாய் மத்திய அலகுத்தொகையாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இப்பிரிவில் உள்ளவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுவினர் மட்டுமே. பளியர்கள் பட்டியல் பழங்குடியினராக இருப்பினும் இந்த அறுவரில் இல்லை. ஆகவே அத்திட்டத்தின் கீழ் நீலகிரியில் எழும் வீடுகளைக் காட்டிப் பழனி மலையில் மனு எழுதுவதில் பயனில்லை. புதிதாகக் களத்துக்கு வரும் தன்னார்வலர்கள் முதலில் செய்யும் தவறுகளுள் இதுவும் ஒன்று.

நில உரிமை

மேற்கண்ட திட்டங்களில் வீடு பெறுவதற்குக் குடும்பத்தின் பெயரில் மனை இருக்க வேண்டும். பழனி மலைப் பளியர்களுக்குப் பெரும்பாலும் இல்லாதது அதுவே. அவர்களது குடியிருப்புகள் மூவகை நிலங்களில் அமைந்துள்ளன.

முதலாவது, காப்புக் காடு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின் கீழ்க் காடுகள் காப்புக் காடுகளாக அறிவிக்கப்பட்டபோது, அங்கு ஏற்கனவே வாழ்ந்தவர்களின் புடவுகளும் குடிசைகளும் பதிவேட்டில் இடம்பெறவில்லை. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டியதாயிற்று. 2013இல் இம்மலைக் காடுகளில் ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு உய்விடமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது, தனியார் தோட்டம். தோட்டத்தில் வேலை செய்யும்வரை குடியிருக்கலாம் என்பதே இங்குள்ள ஏற்பாடு. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். இத்தகைய வீட்டைத் தன்னார்வலர்கள் செம்மைப்படுத்தினால் அதன் பயன் சட்டப்படி தோட்ட உரிமையாளருக்கே சேரும். கூரை மாற்றும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வருவாய்த்துறைப் புறம்போக்கு. இவற்றுள் தீர்வுக்கு எளியது இதுவே எனினும், மலைப்பகுதிகளில் நில ஒப்படை வழங்க 1989இல் தமிழ்நாடு அரசு விதித்த தடை நெடுங்காலம் இடையூறாக இருந்தது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்நிலையை மாற்ற வந்தது. 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்தோ பயிரிட்டோ வரும் பழங்குடிக் குடும்பம், உண்மையில் அனுபவிக்கும் பரப்புக்கு, 4 எக்டேர் வரை உரிமை கோரலாம். உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படும். அது வாரிசுகளுக்குச் செல்லும். ஆனால் விற்க இயலாது. சரிபார்ப்பு முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது. உய்விடங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையுடன் ஒதுக்கவும் இச்சட்டம் வழிசெய்கிறது. இந்த 13இல் வீடு இல்லை என்பது கவனிக்கத்தக்கது. வீட்டுக்கான வழி தனிக் குடும்பத்தின் உரிமைப் பத்திரமே.

தமிழ்நாட்டில் இச்சட்டம் நடைமுறைக்கு வரத் தாமதமாயிற்று. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரங்கள் வழங்குவது தடைபட்டது. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்குப் பின்னரே அது வேகம் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் சான்று சொல்லக்கூடிய முதியோர் பலர் மறைந்துவிட்டனர். முதியோர் வாக்குமூலமும் சட்டம் ஏற்கும் சான்றுகளுள் ஒன்று என்பதால் இது சிறிய இழப்பன்று.

இதே மலைகளில் பளியர்களுக்கு அருகிலேயே வாழும் புலையர்களின் நிலை இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டில் புலையர் பட்டியல் சாதியினராக வகைப்படுத்தப்பட்டுள்ளனர். தங்களைப் பழங்குடியினராக அறிவிக்க வேண்டும் என்பது மலைப்புலையர்களின் நெடுநாள் கோரிக்கை. வன உரிமைச் சட்டத்தின்படி பழங்குடியினர் அல்லாதோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இரு குடும்பங்களுள் ஒன்றுக்கு 2005ஆம் ஆண்டுச் சான்று போதும். மற்றொன்று 1930ஆம் ஆண்டுச் சான்றைத் தேட வேண்டும். பளியருக்கு மட்டும் வீடு கட்டித் தரும் குழு, தான் அறியாமலேயே இப்பிளவைச் சுவராக எழுப்பிவிடக்கூடும்.

முன்னோடிகள்

பிறருக்கு வீடு கட்ட ஊதியமின்றி உழைக்கும் வழக்கம் இந்தியாவில் அமைப்பு வடிவம் பெற்றதற்கு 1934ஆம் ஆண்டின் பீகார் நிலநடுக்கத்தை ஒரு தொடக்கமாகக் கூறலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளரும், பன்னாட்டுக் குடிமைச் சேவை அமைப்பைத் தோற்றுவித்தவருமான பியேர் செரசோல் தோழர்களுடன் பீகாருக்கு வந்து கிராமங்களை மீளமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரி மாணவர்களை ஆண்டுக்கு 120 மணிநேரச் சேவையிலும் ஏழுநாள் சிறப்பு முகாமிலும் ஈடுபடுத்துகிறது.

திண்டுக்கல் வட்டாரத்துக்கு இதில் தனி இடம் உண்டு. மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அங்கு வளர்ந்த கிராமியப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பணிபுரிவதைப் பாடத்தின் பகுதியாகவே கொண்டுள்ளனர்.

திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவரது கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் 1981இல் லாப்டி எனப்படும் உழுபவனின் நிலவுரிமை இயக்கத்தைத் தொடங்கினர். கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு முதலில் நிலமும், பின்னர் குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல் வீடுகளும் கிடைக்க இவ்வியக்கம் உழைத்தது. அக்குடும்பங்களும் வீட்டுப் பணியில் தம் உழைப்பைச் செலுத்தின. 2008இல் இவ்விருவரும் மாற்று நோபல் எனப்படும் வாழ்வுரிமை விருதைப் பெற்றனர். பழங்குடியினர் நடுவே இதையொத்த முயற்சி நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடைபெற்றது. அங்கு 1980களின் நடுவில் தொடங்கப்பட்ட அக்கார்டு நிறுவனத்தின் துணையுடன் உருவான ஆதிவாசி முன்னேற்றச் சங்கம், 1988 டிசம்பரில் நில உரிமை கோரிப் பெரும் பேரணி நடத்தியது. மருத்துவமனை, பள்ளி, வீடு ஆகியவை அதன் பின்னர் வந்தன. இரு இடங்களிலும் நிலம் முந்தியது, வீடு பிந்தியது.

தன்னார்வலர் பணிகள்

களத்தில் முதற்பணி வீடுதோறும் சென்று விவரம் திரட்டுவது. குடும்ப அட்டை, ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவற்றுள் எது இல்லை என்று அறிந்தாலே பாதி வேலை முடிந்தது போலாகும். பழங்குடியினர் சான்றிதழை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். அதற்காக மலையிலிருந்து இறங்கிவரும் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் செலவாகின்றன. அடிவார ஊரில் வாழும் தன்னார்வலர் ஒருவர் மனுவின் நிலையை அலுவலகத்தில் கேட்டுச் சொன்னால் ஒரு குடும்பத்துக்கு நான்கைந்து நாள் கூலி மிஞ்சும். புகைப்படத்தில் காட்ட முடியாத உதவி இது.

அடுத்தது வன உரிமைக் கோரிக்கை. கிராம சபையில் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழு தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அதில் மூன்றில் இரு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என 2012ஆம் ஆண்டின் திருத்த விதிகள் கூறுகின்றன. கோரிக்கைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் வேண்டும். பழைய வீட்டின் அடித்தளம், சமன் செய்த நிலம், கல்வரப்பு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவையும் சான்றுகளே. வருவாய் ஆவணங்களில் பெயரே இல்லாத மக்களுக்கு இடுகாடு ஒரு பட்டயம் போன்றது. கையடக்க இடங்காட்டிக் கருவியைக் கொண்டு எல்லை அளப்பதிலும், முதியோர் கூற்றைச் சொன்னபடியே எழுதி வாசித்துக் காட்டுவதிலும் மாணவர்கள் நன்கு உதவ முடியும். கோரிக்கை கிராம சபையிலிருந்து கோட்ட அளவிலான குழுவுக்கும், பின்னர் மாவட்ட அளவிலான குழுவுக்கும் செல்லும். நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மூன்றாவது, சுமை. சாலை முடியும் இடத்திலிருந்து குடியிருப்பு வரை பொருட்கள் தலைச்சுமையாகவோ மட்டக்குதிரை மீதோ செல்கின்றன. 50 கிலோ சிமெண்ட் மூட்டையை ஏற்றமான காட்டுப் பாதையில் ஓரிரு கிலோமீட்டர் கொண்டுசெல்லும் கூலி, மூட்டையின் விலையையே எட்டிவிடுவதுண்டு. அரசு மதிப்பீட்டில் இக்கூலிக்குப் போதிய இடமில்லை. திறனில்லாத இருபது இளைஞர்கள் ஒரு வாரத்தில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை எது என்று கேட்டால், சுவர் எழுப்புவதன்று, சுமப்பது என்றே விடை வரும். சுவரைக் கொத்தனார் எழுப்பட்டும். ஆனால் அதே சுமையைக் கூலிக்குத் தூக்க ஊரில் ஆள் இருக்கும்போது தன்னார்வலர் தூக்குவது ஒருவரின் பிழைப்பைப் பறிப்பதாகும். எனவே இதையும் ஊராரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

காலமும் முக்கியமானது. இப்பகுதிக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. கட்டுமானத்துக்கு ஏற்றது சனவரி முதல் மே வரை. ஆனால் ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலமாதலால் பெரியவர்கள் தோட்டத்தில் இருப்பர். கோடையில் தேன் எடுக்கக் காட்டுக்குச் செல்வர். கல்லூரி விடுமுறையை மட்டும் பார்த்து முகாம் நடத்தினால், ஊரில் குழந்தைகளும் முதியோரும் மட்டுமே இருக்க, வீட்டுக்காரர் இல்லாமலேயே வீடு உருவாகும்.

ஏழு நாட்களில் வீடு கட்ட இயலாது. எனினும் மழைக்கு முன் கூரை ஒழுகலை அடைத்தல், சுவரடியில் நீர் தேங்காதபடி வடிகால் வெட்டுதல், திண்ணையை உயர்த்துதல், ஊற்றிலிருந்து குழாய் இழுத்தல், புகைபோக்கி அமைத்தல் போன்றவற்றைச் செய்து முடிக்கலாம்.

கட்டுமான முறைகள்

லாரி பேக்கர் (1917-2007) கேரளத்தில் பரப்பிய செலவு குறைந்த முறைகள் இங்கும் எடுத்தாளப்படத் தக்கவை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் ஏறத்தாழ கால் பங்குச் செங்கல் மிச்சமாகிறது. இடைவெளியில் உள்ள காற்று குளிரையும் வெப்பத்தையும் மட்டுப்படுத்துகிறது. செங்கல்லை மலையேற்ற வேண்டிய இடத்தில் இந்தக் கால் பங்கு பெரிய சேமிப்பு. கல் கிடைக்கும் இடங்களில் மண் சாந்தில் கல்சுவர் எழுப்பி, வெளிப்பூச்சில் மட்டும் சிமெண்ட் பயன்படுத்துவதும் உண்டு.

கூரையே மிகக் கடினமானது. புல் வேய்ந்த கூரையை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். காப்புக் காட்டில் புல்லும் மூங்கிலும் வெட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. தகரம் சுமக்க எளிது. ஆனால் மழையில் பேச்சுக் கேட்காத அளவுக்கு ஒலியெழுப்பும், வெயிலில் கொதிக்கும். கல்நார் கலந்த அட்டைகளை அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. கான்கிரீட் உறுதியானது, ஆனால் மணலும் நீரும் போதாமல் அவசரத்தில் போடப்பட்ட தளம் சில மழைக்காலங்களிலேயே கசியத் தொடங்கும். கசியும் கான்கிரீட்டைப் புல்கூரையைப் போல் குடும்பத்தினரே மாற்றிவிட முடியாது. ஓட்டுக் கூரையை அவர்களே பழுதுபார்த்துக் கொள்ளலாம், ஆனால் குரங்குகள் ஓட்டை விட்டுவைப்பதில்லை.

யானையும் ஒரு காரணி. தானியம், உப்பு, பழுத்த பலா ஆகியவற்றின் வாடைக்கு யானை வீட்டுச் சுவரை உடைப்பதுண்டு. யானைத் தடத்தில் வீட்டுமனை தேர்ந்தெடுக்கப்படும்போது அதை முதலில் மறுப்பவர் ஊரிலுள்ள முதியவராகவே இருப்பார். அவரைக் கேட்காமல் அளவைக்கல் நடுவது வழக்கமாகிவிட்டது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் லக்கோட்டா மக்களின் ஒதுக்கீட்டு நிலங்களில் நடைபெறும் வீட்டுப்பணி இதனோடு ஒப்பிடத்தக்கது. தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள பைன் ரிட்ஜ், செயன் ரிவர் முதலிய ஒதுக்கீட்டுப் பகுதிகள் 1889இல் பெரிய சூ ஒதுக்கீடு துண்டாடப்பட்டபோது உருவானவை. அங்கு நிலத்தின் ஒரு பெரும்பகுதியை அரசு அறக்கட்டளை முறையில் வைத்துள்ளது. எனவே அதை அடமானமாக வைத்து வங்கிக் கடன் பெறுவது கடினம். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும். 1976இல் தொடங்கப்பட்ட மனிதநேய வாழிட அமைப்பு, முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் பங்கேற்க, 1994இல் செயன் ரிவர் பகுதியின் ஈகிள் பியூட் ஊரில் 30 வீடுகளைத் தன்னார்வலர்களைக் கொண்டு ஒரே வாரத்தில் எழுப்பியது. 2006இல் மகாராட்டிர மாநிலம் லோனாவாலா அருகே மலவலியிலும் இதே முறையில் வீடுகள் கட்டப்பட்டன. லக்கோட்டாக் காட்டில் யானை இல்லை, கடுங்குளிர் உண்டு. ஆனால் தலைமுறைகளாக வாழும் நிலம் கையில் இருந்தும், அதைக் காட்டி ஒரு செங்கல் கூட வாங்க முடியாத நிலை இரு மக்களுக்கும் பொதுவானது.

விமர்சனங்கள்

வெளியிலிருந்து வருவோர் சில நாள் உழைத்துப் படம் எடுத்துச் செல்வது மக்களைவிட வருவோருக்கே நிறைவளிக்கிறது என்ற விமர்சனம் பல நாடுகளிலும் எழுந்துள்ளது. அரசு செய்ய வேண்டியதைத் தன்னார்வலர்கள் செய்வதால் அரசின் பொறுப்பு குறைகிறது என்றும் கூறப்படுகிறது. வீடு கிடைத்த குடும்பத்துக்கும் கிடைக்காத குடும்பத்துக்கும் இடையே மனக்கசப்பு உண்டாவதும் உண்மை. பளியர்களைப் போல் உரத்து மறுக்காத, பிடிக்காதபோது விலகிச் செல்லும் மக்களிடம் இது இன்னும் கவனிக்கத்தக்கது. அவர்கள் தலையசைப்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளும் குழு, அடுத்த ஆண்டு வந்து பார்க்கும்போது பூட்டிய வீட்டைக் காண நேரிடும்.

இதற்கு மாற்றாக, வீட்டின் வரைபடத்தைத் தாளில் காட்டாமல் நிலத்தில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, பெண்களை அதற்குள் நடக்கச் செய்து, அடுப்பும் வாசலும் எங்கே வர வேண்டும் என்று அவர்களையே கல் வைக்கச் சொல்லும் முறை கையாளப்படுகிறது. வாசல்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி, வீடுகளுக்கிடையே போதிய இடைவெளி விட்டுக் கல் வைக்கப்பட்டால், அதை வரிசைக்கு மாற்றாமல் அப்படியே ஒன்றியப் பொறியாளரிடம் கொண்டுசென்று ஏற்கச் செய்வது தன்னார்வலரின் வேலை.